இத்தாலிய ரெட் ஒயினை வீட்டில் சுவைப்பதும் பரிமாறுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இத்தாலியின் தொரீனோவில் வேலை பார்த்த எட்டு வருடங்களில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. நான் சொல்வதில் பாதி, பக்கத்து மலைச்சரிவுகளில் திராட்சை வளர்ப்பவர்களிடம் கேட்டுக் கற்றது. மீதி, வீட்டில் பாட்டில்களைத் திறந்து, தப்பு செய்து கற்றது. எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: இத்தாலிக்காரர்கள் ரெட் ஒயினைச் சாப்பாட்டுக்குத் துணையாகச் செய்கிறார்கள். அதைத் தனியாகக் குடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இல்லை என்று ஒதுக்குவது, ரசத்தைச் சோறில்லாமல் குடித்துவிட்டுக் குறை சொல்வது மாதிரி.

முதல் வாயிலேயே புளிப்பும் துவர்ப்புமாக இருந்தது. பாட்டில் கெட்டுப்போயிருக்குமா?

பெரும்பாலும் இல்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒயினில் டானின் என்று ஒன்றைச் சொல்வார்கள். அதை விளக்க மற்ற மொழிக்காரர்கள் படும் பாடு நமக்கு இல்லை, ஏனென்றால் அறுசுவையில் ஒன்றாகவே அதை வைத்திருக்கிறோம்: துவர்ப்பு. வாழைப்பூ, நாவல்பழம், பாக்கு, கொஞ்சம் அதிகமாகக் கொதித்துவிட்ட டீ, எல்லாவற்றிலும் நாக்கை இழுத்துப் பிடிக்கிற அதே சங்கதிதான். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் அது ஒயினுக்குள் இறங்குகிறது, எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, அதனால் வாய் வறண்டாற்போல ஆகிறது. இப்போது ஒரு துண்டு பார்மிஜானோ சீஸையோ மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சியையோ மென்றுவிட்டு அதே ஒயினை ஒரு வாய் குடியுங்கள். துவர்ப்பு உணவின் புரதத்தோடும் கொழுப்போடும் போய்விடும், புளிப்பு நாக்கைக் கழுவி அடுத்த கவளத்துக்குத் தயார் செய்யும், அதுவரை எங்கே இருந்தது என்றே தெரியாத பழச்சுவை மேலே வரும்.

நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரப் பெரியவர் மதியம் ஒரு சின்னக் கண்ணாடித் தம்ளரில் பார்பெரா என்ற அன்றாட ரெட் ஒயினை ஊற்றிக்கொள்வார். ரொட்டி மேசைக்கு வரும்வரை அதைத் தொடமாட்டார். எனக்கு அதுதான் முதல் பாடம்.

இனிப்பான இத்தாலிய ரெட் ஒயின் கிடையாதா?

உண்டு. தொரீனோ இருக்கும் பியமோன்டே பகுதியில் பிராக்கெட்டோ தாக்வி, வெரோனா பக்கத்தில் ரெச்சோட்டோ, எமிலியாவில் இனிப்பு வகை லாம்ப்ருஸ்கோ. லாம்ப்ருஸ்கோ லேபிளில் ‘செக்கோ’ என்றிருந்தால் இனிப்பு இல்லை, ‘அமாபிலே’, ‘தொல்ச்சே’ என்றிருந்தால் இனிப்பு. மற்றபடி சாப்பாட்டு மேசைக்கு வரும் பெரும்பாலான ரெட் ஒயின்கள் இனிப்பில்லாதவைதான்.

எவ்வளவு குளிர்ச்சியில் பரிமாற வேண்டும்? ரெட் ஒயினை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்கிறார்களே?

வீட்டில் நடக்கும் தப்புகளில் முக்கால்வாசி இங்கேதான். ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு ஐரோப்பிய வீடுகளுக்குள் ஹீட்டர் வருவதற்கு முன்பு பிறந்தது. அந்தக் காலத்துக் கல்வீட்டில் அறை 16, 18 டிகிரியைத் தாண்டாது. இன்றைக்கு மிலானோவில் ஒரு ஆகஸ்ட் மாதச் சமையலறையே 28 டிகிரிக்குப் போகும், சென்னையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சூடான ஒயினில் ஆல்கஹால் மூக்கில் குத்தும், பழவாசம் வெந்த ஜாம் போல ஆகிவிடும். ஒரு கோடைக்காலத்தில் நண்பர்களுக்காக இரண்டு வருடம் பத்திரப்படுத்திய பரோலோ என்ற கனமான ரெட் ஒயினை அலமாரியிலிருந்து நேராக எடுத்து ஊற்றினேன். யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் யாரும் இரண்டாவது தடவை கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் அதே வகைப் பாட்டில் ஒன்றை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தபோதுதான் எதை இழந்தோம் என்று தெரிந்தது.

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள் (பெயர்கள் புதிதாக இருந்தால் கவலை வேண்டாம், பின்னால் வரும்). நுரைக்கும் லாம்ப்ருஸ்கோ 12 டிகிரி, மென்மையான ஃப்ரப்பாட்டோ, தொல்ச்செட்டோ 14, பார்பெராவும் கியான்டியும் 16, பரோலோ, புருனெல்லோ, அமரோனே 18. தெர்மாமீட்டர் தேவையில்லை. அறை 25 டிகிரி என்றால் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜ், 30 டிகிரி என்றால் இன்னும் கொஞ்சம் கூட. அவசரம் என்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்து நிமிடம் (வெறும் ஐஸ் மட்டும் போதாது, தண்ணீர் சேர்ந்தால்தான் பாட்டிலைச் சுற்றிப் பிடிக்கும்). சந்தேகம் இருந்தால் ஒரு டிகிரி குளிர்ச்சியாகவே ஊற்றுங்கள், கிளாஸில் தானாகச் சூடேறிவிடும். ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்துபோவது மட்டும் வேண்டாம்.

நூற்றுக்கணக்கான திராட்சை வகைகள் இருக்கின்றன. எங்கே ஆரம்பிப்பது?

மூன்று பெயர்களில் ஆரம்பியுங்கள்: பார்பெரா, சான்ஜொவேசே, நெப்பியோலோ. மூன்றையும் ஒரே சாயங்காலம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பாட்டோடு சுவைத்தால், பத்துப் புத்தகம் படிப்பதைவிட அதிகம் புரியும்.

பார்பெரா பியமோன்டேயின் அன்றாட ஒயின். புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு, நிறம் அடர்த்தி. தக்காளி சாஸ் போட்ட எதற்கும் பயப்படாமல் திறக்கலாம், ஏனென்றால் தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கப் புளிப்புள்ள ஒயின் வேண்டும். அதன் அண்டை வீட்டுக்காரரான தொல்ச்செட்டோவின் பெயருக்கு ‘குட்டி இனிப்பு’ என்று அர்த்தம், ஆனால் ஒயின் இனிக்காது.

சான்ஜொவேசே மத்திய இத்தாலியின் தொஸ்கானா பகுதிக்கு உயிர். கியான்டி கிளாசிகோவில் குறைந்தது 80 சதவீதம் இதுதான் இருக்க வேண்டும், புருனெல்லோ தி மொன்தால்ச்சீனோ முழுக்க முழுக்க இதுவேதான். புளிப்புச் செர்ரி, காய்ந்த மூலிகை, வயதானால் தோல் பை வாசம். ஃபிரென்ட்சேவில் (ஃபிளாரன்ஸ்) மாட்டிறைச்சியைக் கனலில் சுட்டு, உள்ளே சிவப்பாக விட்டு, உப்பு மட்டும் தூவித் தருவார்களே, அதனோடு இதைக் குடித்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பிறந்தவை என்று தோன்றும்.

நெப்பியோலோ ஏமாற்றும். கிளாஸில் பார்த்தால் வெளிறிய சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம், ஏதோ லேசான ஒயின் என்று நினைத்து வாயில் வைத்தால் துவர்ப்பு ஈறுகளைப் பிடித்து உலுக்கும். ரோஜாவும் தாரும் சேர்ந்த வாசம் என்பார்கள். கேட்கும்போது விசித்திரமாக இருக்கும், முகர்ந்தால் உண்மை என்று தெரியும். பெயர் பனிமூட்டத்தைக் குறிக்கும் ‘நெபியா’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். அக்டோபரில் அறுவடை நடக்கும்போது பியமோன்டேயின் லாங்கே மலைகளில் காலை ஒன்பது மணிக்கும் எதிரே இருப்பவர் தெரியாது என்பதால் எனக்கு அதை நம்பப் பிடிக்கும். பரோலோவும் பார்பரெஸ்கோவும் இதே திராட்சைதான். ஆனால் நேரே அங்கே போகாதீர்கள், லேபிளில் ‘லாங்கே நெப்பியோலோ’ என்று போட்ட பாட்டிலை முதலில் வாங்குங்கள். விலையும் குறைவு, இளசாகவே குடிக்கலாம்.

தெற்கே போனால் வேறு உலகம். சிசிலியாவின் எட்னா எரிமலைச் சரிவில் 600 மீட்டருக்கும் மேலே, கரும் லாவா மண்ணில் வளரும் நெரெல்லோ மஸ்காலேசே எனக்கு மிகப் பிடித்தது. பூலியாவின் பிரிமிட்டீவோ கலிபோர்னியாவில் சின்ஃபாண்டெல் என்ற பெயரில் விற்கும் அதே திராட்சை என்று மரபணுச் சோதனையில் உறுதியாகியிருக்கிறது. கம்பானியாவின் அல்யானிகோ கடுமையான ஆள், அவசரப்படுத்தக் கூடாது.

லேபிளில் இருக்கும் டி.ஓ.சி., டி.ஓ.சி.ஜி., கிளாசிகோ, ரிசெர்வா எல்லாம் என்ன?

டி.ஓ.சி. 1963இல் வந்த சட்டம்: இந்தப் பெயரைப் போட வேண்டுமென்றால் இந்த எல்லைக்குள், இந்தத் திராட்சையில், இந்த முறையில் செய்ய வேண்டும். அதற்கு மேல்படி டி.ஓ.சி.ஜி. 1980இல் முதலில் அதைப் பெற்றவற்றில் பரோலோ, பார்பரெஸ்கோ, புருனெல்லோ மூன்றும் உண்டு. பாட்டில் கழுத்தில் எண் அச்சிட்ட அரசாங்கப் பட்டை ஒட்டியிருக்கும். ‘கிளாசிகோ’ என்றால் அந்தப் பெயருக்கு ஆதியில் உரிய பழைய வட்டாரம். கியான்டியின் எல்லையை 1716இலேயே தொஸ்கானாவை ஆண்ட மூன்றாம் கோசிமோ ஆணை போட்டு வரையறுத்தார். இன்றைக்குக் கழுத்தில் கருஞ்சேவல் முத்திரை பார்த்தால் அது கியான்டி கிளாசிகோ. ‘ரிசெர்வா’ என்றால் இன்னும் அதிக காலம் வைத்திருந்தது: சாதாரண பரோலோவுக்குக் குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். ரிசெர்வாவுக்கு 62 மாதம்.

ஆனால் இந்த எழுத்துகள் சுவைக்கு உத்தரவாதம் இல்லை. தொஸ்கானாவில் 1970களில் சில நல்ல தயாரிப்பாளர்கள் விதிகளுக்கு வெளியே போய் கபெர்னே போன்ற பிரெஞ்சுத் திராட்சைகளைச் சேர்த்துச் செய்தார்கள், சட்டப்படி அவை வெறும் ‘மேசை ஒயின்’ என்று விற்கப்பட்டன, விலையோ மற்ற எல்லாவற்றையும் தாண்டியது. அவர்களுக்கும் இடம் கொடுக்கத்தான் 1992இல் ஐ.ஜி.டி. என்ற, விதிகள் தளர்ந்த வகை வந்தது. கடையில் நிற்கும்போது நான் முதலில் பார்ப்பது தயாரிப்பாளர் பெயரையும் அறுவடை ஆண்டையும்தான்.

மொன்டெபுல்ச்சானோ என்பது ஊரா, திராட்சையா?

இரண்டும். ‘மொன்டெபுல்ச்சானோ தாப்ருட்சோ’ என்றால் அப்ருட்சோ பகுதியில் மொன்டெபுல்ச்சானோ என்ற திராட்சையில் செய்தது. ‘வீனோ நோபிலே தி மொன்டெபுல்ச்சானோ’ என்றால் தொஸ்கானாவில் அந்தப் பெயருள்ள ஊரில், பெரும்பாலும் சான்ஜொவேசேயில் செய்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. கடைக்காரர்களே குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டுமா? குடுவைக்கு மாற்ற வேண்டுமா?

தக்கையை மட்டும் எடுத்துவிட்டு பாட்டிலை அப்படியே நிற்க வைப்பதால் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது, கழுத்தில் காற்றுப் படும் இடம் ஒரு ரூபாய்க் காசு அளவுதான். காற்று பட வேண்டுமென்றால் அகன்ற குடுவைக்கு மாற்றியே ஆக வேண்டும். டிகேன்டர் என்று தனியாக வாங்க வேண்டியதில்லை, வாசமில்லாத சுத்தமான கண்ணாடி ஜாடி போதும்.

மாற்றுவதற்கு இரண்டு காரணங்கள், இரண்டும் எதிரெதிரானவை. இளம் பரோலோ, அல்யானிகோவில் செய்யும் தவுராசி, அமரோனே போன்றவை இறுக்கமாக இருக்கும், அவற்றைத் தாராளமாகச் சலசலவென்று ஊற்றி ஒன்று, இரண்டு மணி நேரம் விடுங்கள். இருபது வருடப் பாட்டில் என்றால் அடியில் மண்டி தங்கியிருக்கும். முந்தின நாளே நிமிர்த்தி வைத்து மண்டி இறங்க விட்டு, கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவத்தியோ டார்ச்சோ வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் மெதுவாகத் தெளிவை மட்டும் இறுத்து எடுக்க வேண்டும். புளிக்கரைசலை இறுத்து எடுக்கிற அதே கைப்பக்குவம்தான். கழுத்தில் கலங்கல் தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். பழைய ஒயினை அதன்பின் காத்திருக்க வைக்காதீர்கள், அதன் வாசம் சீக்கிரம் போய்விடும்.

பார்பெரா, தொல்ச்செட்டோ, லாம்ப்ருஸ்கோவுக்கு இதெல்லாம் எதுவும் வேண்டாம். திறந்து ஊற்றுங்கள்.

எந்த கிளாஸ்? தனித்தனியாக வாங்க வேண்டுமா?

நடுவில் அகன்று வாய்ப்பக்கம் குறுகிய, காம்பு வைத்த ஒரே வகை கிளாஸ் ஆறு இருந்தால் போதும். நெப்பியோலோவுக்குப் பெரிய கிளாஸ் நிஜமாகவே உதவுகிறது, வசதி இருந்தால் வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மீதி இடம் வாசத்துக்கு.

அதைவிட முக்கியம் சுத்தம். அலமாரிக்குள் கவிழ்த்து வைத்த கிளாஸில் மரவாசமும் பாத்திரம் கழுவும் சோப்பு வாசமும் தங்கிவிடும். இத்தாலிய வீடுகளில் இதற்கு ‘அவ்வினாரே’ என்று ஒரு பழக்கம் உண்டு: ஒரு கிளாஸில் இரண்டு ஸ்பூன் ஒயின் ஊற்றி, சுற்றிலும் படும்படி சுழற்றி, அதையே அடுத்த கிளாஸுக்கு மாற்றி, கடைசியில் கொட்டிவிடுவார்கள். பார்க்கச் சடங்கு மாதிரி இருக்கும், வித்தியாசம் மூக்குக்குத் தெரியும்.

சுவைப்பது எப்படி?

வெள்ளைத் துணி மேல் கிளாஸைச் சாய்த்து நிறம் பாருங்கள். சுழற்றுவதற்கு முன் ஒரு தடவை, சுழற்றிய பின் ஒரு தடவை முகருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது. சின்ன வாய் எடுத்து, உடனே விழுங்காமல், வாய் முழுக்கப் பரவ விட்டு நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: எச்சில் ஊறுகிறதா (புளிப்பு), ஈறு வறள்கிறதா (துவர்ப்பு), தொண்டை சூடாகிறதா (ஆல்கஹால்), விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது. அவ்வளவுதான். வாசத்துக்குப் பெயர் வைக்க ஊதாப்பூ, காட்டுப்பெர்ரி என்று தேட வேண்டாம். உங்களுக்குப் புளியம்பழம், நெல்லிக்காய் வற்றல், மழை பெய்த செம்மண் நினைவுக்கு வந்தால் அதையே எழுதுங்கள். பிறகு ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு மறுபடி சுவைத்து அதே நான்கையும் கேளுங்கள். இந்த இரண்டாவது சுவைப்புதான் எனக்கு முக்கியம். எந்த பாட்டில் வாங்குவது என்று நான் முடிவு செய்வது அதை வைத்துத்தான்.

அமரோனே ஏன் இவ்வளவு விலை?

திராட்சையைக் காயவைக்கிறார்கள். வெரோனாவுக்கு வடக்கே வல்பொலிச்செல்லாவில் கொர்வீனா முதலிய திராட்சைகளைப் பறித்து, காற்றோட்டமான பரணில் மூன்று, நான்கு மாதம் உலர்த்துவார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும், அப்படியானால் ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு பழம் வேண்டும் என்று பாருங்கள். சர்க்கரை செறிந்துபோவதால் ஆல்கஹால் 15, 16 சதவீதம் வரை ஏறும். பெயருக்கே ‘பெருங்கசப்பு’ என்று அர்த்தம். நாள்பட்ட சீஸ், காரமில்லாத கனமான இறைச்சி, அதனோடு ஆளுக்கு ஒரு கிளாஸ், போதும். அமரோனே பிழிந்த சக்கையின் மேல் சாதாரண வல்பொலிச்செல்லாவை ஊற்றி மறுபடி நொதிக்க வைப்பது ரிபாஸ்ஸோ. விலையும் பலமும் நடுவாந்தரம்.

காரமான சாப்பாட்டோடு? மீனோடு? சைவத்தோடு?

மிளகாய்க் காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலையும் பெரிதாக்கிக் காட்டும், அதனால் பரோலோவையும் அமரோனேயையும் காரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். குளிர்ந்த லாம்ப்ருஸ்கோ, அதுவும் லேசான இனிப்புள்ளது, காரத்துக்கு நன்றாகப் போகும். எங்கள் வீட்டில் பிரியாணி நாளில் அதுதான்.

மீனுக்கு வெள்ளை ஒயின்தான் என்பதை இத்தாலிக்காரர்களே எல்லா இடத்திலும் கடைப்பிடிப்பதில்லை. லிவோர்னோ துறைமுகத்தில் தக்காளியில் கொதிக்கும் கச்சுக்கோ என்ற மீன் குழம்போடு ரெட் ஒயின் குடிப்பார்கள். சிசிலியாவின் ஃப்ரப்பாட்டோவைக் குளிர்வித்துச் சூரை மீனோடு வையுங்கள்.

சைவத்துக்கு இத்தாலியில் பஞ்சமே இல்லை. கத்தரிக்காயையும் தக்காளியையும் சீஸையும் அடுக்கிச் சுடும் பார்மிஜானாவோடு எட்னா ரெட், காளான் ரிசோட்டோவோடு (குழைய வேகவைத்த சோறு) நெப்பியோலோ. காளானும் நெப்பியோலோவும் சேரும்போது ஒரு மண்வாசம் வரும், அதற்காகவே நான் இலையுதிர்காலத்துக்குக் காத்திருப்பேன்.

பாட்டில் நிஜமாகவே கெட்டுவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த நிலவறை வாசம் வந்து, பழவாசம் சுத்தமாக இல்லையென்றால் தக்கையால் வந்த கோளாறு. அதற்கு டி.சி.ஏ. என்ற வேதிப்பொருள் காரணம். உடம்புக்குத் தீங்கில்லை, ஆனால் நேரம் ஆக ஆக மோசமாகத்தான் போகும், கடையில் திருப்பிக் கொடுங்கள். பழுப்பேறி, அடிபட்ட ஆப்பிள் வாசம் வந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. தீக்குச்சி, அழுகின முட்டை வாசம் மட்டும் லேசாக இருந்தால் அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள், குடுவைக்கு மாற்றிப் பத்து நிமிடம் விட்டால் பல சமயம் போய்விடும். தக்கையின் அடியில் ஒட்டியிருக்கும் படிகங்களும் பாட்டில் அடியின் மண்டியும் குறையே இல்லை.

நண்பர்களை அழைத்து நாலைந்து வகை சுவைக்க நினைக்கிறேன். எவ்வளவு வாங்க, எந்த வரிசையில் ஊற்ற?

ஒரு பாட்டில் 750 மில்லி. ஆளுக்கு 60 மில்லி என்றால் பன்னிரண்டு பேருக்கு வரும், ஆறு பேர் என்றால் சாப்பாட்டோடு இரண்டாவது சுற்றுக்கும் மிஞ்சும். லேசானதிலிருந்து கனமானதற்கு, இனிப்பு கடைசியில்: தொல்ச்செட்டோ, பார்பெரா, கியான்டி கிளாசிகோ, நெப்பியோலோ, அப்புறம் வேண்டுமானால் ரெச்சோட்டோ. நடுவில் ரொட்டி, தண்ணீர். மேசையில் ஒரு காலி ஜாடி வையுங்கள், துப்புவதும் கொட்டுவதும் மரியாதைக் குறைவு இல்லை, ஒயின் செய்கிறவர்களே அப்படித்தான் சுவைக்கிறார்கள். குடிக்காதவரை யாரும் வற்புறுத்த வேண்டாம்.

கார் ஓட்டிப் போகிறவர்கள்?

அவர்களுக்கு ஊற்றாதீர்கள். இத்தாலியில் லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் என்பது எல்லை, லைசென்ஸ் எடுத்து முதல் மூன்று வருடம் பூஜ்யம். கசப்பும் இனிப்புமான கினோட்டோ சோடா அவர்களுக்கு. மேசையில் அதுவும் அழகாகத்தான் இருக்கும்.

மிச்சமான ஒயினை என்ன செய்வது?

தக்கையை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், ரெட் ஒயினாக இருந்தாலும். பார்பெராவும் கியான்டியும் இரண்டு, மூன்று நாள் தாங்கும், குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். இளம் நெப்பியோலோ சில சமயம் மறுநாள் இன்னும் இளகி நன்றாக இருக்கும். பழைய பாட்டிலை மட்டும் அன்றே முடித்துவிட வேண்டும். நான்கு நாள் தாண்டினால் சமையலுக்கு: வெங்காயம், கேரட், செலரி வதக்கி, மாட்டிறைச்சித் துண்டு போட்டு, அந்த ஒயினை ஊற்றி, மூடி, மிகச் சின்னத் தீயில் மூன்று மணி நேரம். பியமோன்டேயில் ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் ஏறும்போதே எந்த வீட்டில் இது கொதிக்கிறது என்று சொல்லிவிடலாம்.